காசியில் அந்தச் சந்து வேண்டாம்

கண்ணு,

காசிக்குப் போகிறவர்கள் கத்தரிக்காயையோ கொய்யாப்பழத்தையோ விட்டுவிட்டு வருவார்கள். நான் மாமனாரை விட்டுவிட்டு வந்தவன். இந்த வாக்கியத்தை இப்போது உனக்காக யோசித்து எழுதவில்லை. உன் அப்புச்சி காணாமல் போன அடுத்த வருஷமே, நொய்யல் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் சொல்லி, கூட இருந்தவர்களையெல்லாம் சிரிக்க வைத்து, எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்ட வாக்கியம். சிரித்தவர்களில் ஒருவன் நேராகப் போய்த் தன் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் குழாயடியில் உன் அம்மாவிடம் சொன்னாள். அன்று எனக்குச் சோறு வந்தது, குழம்பு வரவில்லை. "கொழம்பெங்க?" என்றேன். "அதையும் காசீல உட்டுப்போட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேனுங்க" என்றாள். அதற்குப் பிறகு அந்த வேடிக்கையை நான் எங்கும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ஊரில் இன்றைக்கும் யாராவது காசிக்குக் கிளம்பினால் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் ரயிலேறுகிறார்கள்.

உன் கடிதம் நேற்றுத் தபாலில் வந்தது. பேத்தியைப் பார்க்க பம்பாய் வந்த அம்மா, அங்கிருந்து உன்னோடு காசிக்குப் போவது என்று நீங்கள் இரண்டு பேரும் அவள் இங்கிருந்து கிளம்புமுன்பே முடிவு பண்ணியாயிற்று. என் முழங்காலைக் காரணம் காட்டி என்னைக் கழற்றி விட்டதும் ஆயிற்று. பரவாயில்லை. எங்கே தங்குவது என்று மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறாய். உன் ஆபீஸ்காரர்கள் ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ் நல்லது என்கிறார்கள். மருமகளுக்கு யாரோ அனுமான் படித்துறையில் தமிழ்க்காரர்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவோ, அவளுடைய அய்யன் கடைசியாகத் தங்கின அந்தச் சந்து வீட்டில்தான் தங்குவேன் என்கிறாள். என்னுடைய பதில் ஒரே வரிதான்: எங்கே வேண்டுமானாலும் தங்கு, அந்தச் சந்தில் மட்டும் வேண்டாம். அவள் குடும்பத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போய் நான் வெறுங்கையோடு வந்தேன். நீ உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து சேர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றபடி கங்கா தீர்த்தம், விபூதி எல்லாம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கே தங்கினால் ஒரு சௌகரியம், ஊரைவிட்டு ஓடுவது சுலபம். காற்றோட்டமான அறை, குழாயில் தண்ணீர், வாசலில் ரிக்‌ஷா. ஆனால் நீ காசிக்கு வந்திருக்கிறாய் என்பதை ரிக்‌ஷாக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கங்கை அங்கிருந்து வெகு தூரம். உன் அம்மா விடியுமுன் எழுந்து "போலாமா, போலாமா" என்று உன் போர்வையை இழுப்பாள். நீ ஆபீஸ்காரன், எட்டு மணிக்கு முன் உனக்குக் கண்ணே தெரியாது. கோதோலியாக் கடைவீதிப் பக்கம் தங்கினால் பட்டுப் புடவைத் தரகன் உன்னைக் கட்டிலிலிருந்தே கடைக்குத் தூக்கிக்கொண்டு போவான். மருமகளுக்கு அந்த இடம் பிடிக்கும். உனக்குப் பிடிக்காமல் போவதற்கு அதுவே போதுமான காரணம். அனுமான் படித்துறைதான் நமக்குச் சரி. அங்கே ஒரு காலை நேரம் நடந்தால், ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கும், ஒரு வீட்டில் காப்பிக் கொட்டை வறுபடும். ஒரு வாசலில் நிற்கும் பெரியவர் "எந்த ஊர்?" என்று கேட்டு, திருப்பூர் என்றால் "கோயமுத்தூர் பக்கமோ?" என்று அடுத்த கேள்வியைப் போட்டு, சித்தப்பா மகன் கல்யாணம் வரைக்கும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் வழி விடுவார். தொந்தரவுதான். ஆனால் அந்தத் தொந்தரவுக்காகவே அங்கே தங்கு. அந்தத் தெருவில் ஒருவர் வழி தப்பினால், அவருக்கு வழி சொல்ல ஒன்பது பேர் வருவார்கள். தமிழ் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு பெரிய மனிதரை நான் எங்கே தங்க வைத்திருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தச் சாம்பார் வாசனைதான் எனக்கு வரும்.

நான் ஏன் அங்கே தங்கவில்லை என்றால், நான் பனியன்காரன். இதைவிட விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். நயா பைசா வந்த புதிது. இப்போது எக்ஸ்போர்ட், கலர் பனியன் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அன்றைக்கு வெள்ளை பனியனைத் தவிர திருப்பூருக்கு வேறு நிறமே தெரியாது. நான் எங்கள் கம்பெனிக்கு வடக்கே ஆர்டர் பிடிக்கப் போய்வந்து கொண்டிருந்தேன். உன் அம்மாயி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேவூர்த் தோட்டத்தை உன் மாமன்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்த அப்புச்சி, "காசிக்குப் போயி அவளுக்கு ஒரு காரியம் பண்ணிப்போட்டு வரோணும்" என்றார். மகன்கள் இருவருக்கும் அந்த வருஷம் கரும்பு வெட்டு, கிணறு வெட்டு என்று எல்லா வெட்டும் ஒரே சமயத்தில் வந்தது. மாப்பிள்ளை நான் இருந்தேன். உனக்கு அம்மை போட்டிருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. போகிற காரியம் புண்ணியக் காரியம், அதில் நான் ஒரு பனியன் மூட்டையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். காசியில் ஒரு சேட்டு எங்கள் சரக்கை வாங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குடோனுக்கு மேலே ஒரு மாடி அறை சும்மா கிடந்தது. சாமியும் கும்பிடலாம், ஆர்டரும் பிடிக்கலாம், தங்குவதற்குக் காசும் கிடையாது. திருப்பூர்க்காரன் மூளைக்கு இதைவிடப் புனிதமான இடம் எங்கே கிடைக்கும்?

அத்தோடு விட்டேனா? உன் அப்புச்சி பிறந்ததிலிருந்து உடம்பில் சட்டை போட்டவர் இல்லை. தோளில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு வேட்டி, காதில் சிவப்புக் கல் கடுக்கன். கடுக்கனைக் கிளம்பும் அன்று கழற்றி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். "ரயில்ல களவாண்டுருவாங்களாமா, நீ வெச்சிரு கண்ணு" என்றார். வெறுங்காதும் வெறும் உடம்புமாக நின்றவரைப் பார்த்து எனக்கு மானம் போயிற்று. "மாமா, பனியன் கம்பெனிக்காரன் மாமனாரு இப்படி வந்தா, சேட்டு நம்ம சரக்கை நம்புவானுங்களா?" என்று ஒரு பனியனை அவர் தலை வழியாக மாட்டிவிட்டேன். கழுத்துக்குப் பின்னால் கிளிப் படம் போட்ட லேபிள் தைத்த சரக்கு. சென்னை வரைக்கும் பொறுத்துக்கொண்டார். இடார்சியில் வண்டி மாறும்போது, "ஏனுங்க மாப்ளே, இந்தக் கிளி பொறகால கொத்தீட்டே வருதுங்க" என்றார். "பழகீருமுங்க மாமா" என்றேன். "அறுவது வருசமா ஒண்ணும் கொத்தாம இருந்துச்சுங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் அவர் எதற்கும் குறை சொல்லவில்லை. அதுதான் அவரிடம் கஷ்டம். சண்டை போடுகிற மாமனார் என்றால் கண் வைத்துக்கொண்டே இருப்போம். இவர் பக்கத்தில் இருக்கிறாரா இல்லையா என்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும்.

காசிச் சந்துகளைப் பற்றி உனக்குச் சிறு வயதிலிருந்தே சொல்லியிருக்கிறேன். நூல் கட்டு பிரிந்து சிக்கலாகிவிட்டால் முனை எங்கே என்று தெரியாமல் பெண்கள் மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார்களே, அந்த மாதிரி ஊர் அது. ஒரு சந்துக்குள் நுழைந்தால் இன்னொரு சந்து, அதற்குள் ஒரு கோயில், கோயிலுக்குப் பின்னால் ஒரு காளை, காளை நகர்ந்தால்தான் அடுத்த சந்து. பகலிலேயே வெயில் தரைக்கு இறங்காது. எதிரே பாடை வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும்; பாடையில் இருப்பவருடைய கால் நம் தோளை உரசிக்கொண்டு போகும். முதல் நாள் நான் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் அப்புச்சியோ ஒவ்வொரு பாடைக்கும் நின்று, தலைத்துண்டை எடுத்துவிட்டு, எதிரே வருகிற உறவுக்காரரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பயமா இல்லீங்களா மாமா?" என்றேன். "அவிய பாட்டுக்குப் போறாங்க, நம்மள என்ன பண்றாங்க?" என்றார். சேட்டுக்குத் தமிழில் 'நாளைக்கு' என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரியும்; சரக்கு எப்போது வரும் என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அவரும் அப்புச்சியும் எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் தலையாட்டிச் சிரிப்பார்கள்.

காரியம் பண்ணுவதற்கு அனுமான் படித்துறைக்குத்தான் போனோம். தமிழ் பேசுகிற சாஸ்திரிகள் ஒருவர் நடத்திவைத்தார். அம்மாயிக்குப் பிண்டம் வைத்து முடிந்ததும், "காசிக்கு வந்தா பிடிச்சதை விடணும். ஒரு காய், ஒரு பழம் சொல்லுங்கோ" என்றார். நான் கொஞ்சமும் வெட்கப்படாமல் "பாகற்காயுங்க" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "பாகற்காய் உமக்கு அவ்வளவு பிடிக்குமோ?" என்றார். "உசுருங்க" என்றேன். உனக்குத் தெரியும், எனக்கும் பாகற்காய்க்கும் பிறந்ததிலிருந்து ஆகாது. உன் அப்புச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பிறகு சாஸ்திரிகள் அவர் பக்கம் திரும்பி, "நீர் எதை விடறீர்?" என்றார். அப்புச்சி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் ரோசனை பண்ணோணுமுங்க. நாளைக்குச் சொல்றனுங்க" என்றார். "நாளைக்கு நான் கயா போறேன், இப்பவே சொல்லும்." "அப்ப நானே ஆத்துக்கிட்டச் சொல்லிக்கறனுங்க சாமி" என்று எழுந்துவிட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மத்தியானம் சேட்டோடு விலை பேசுகிற வேலை இருந்தது.

மறுநாள் காலையில் நான் குடோனில் சேட்டோடு சைஸ் வாரியாகச் சரக்குப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்புச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தார். தோளில் துண்டு, கையில் செம்பு, உடம்பில் பனியன். "குளிச்சுப்போட்டு வர்றனுங்க" என்றார். "இருங்க மாமா, இதை முடிச்சுப்போட்டு நானும் வர்றேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "சரிங்க மாமா." சேட்டு கையைக் கூப்பி "நாளைக்கு!" என்றார். அப்புச்சியும் "நாளைக்குங்க" என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார். அவர் முதுகில் கிளி லேபிள் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன். கையில் சரக்கு இருந்தது.

வெயில் ஏறின பிறகுதான் அவர் வரவில்லை என்பதே எனக்கு உறைத்தது. நாங்கள் குளிக்கிற படித்துறைக்குப் போனேன். அங்கே நான் பார்த்ததை உன் அம்மாவிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. தண்ணீருக்குப் பக்கத்துப் படியில் செம்பு இருந்தது. ஆறு பாட்டுக்கு இருந்தது. படகுக்காரர்களிடம் சேட்டு கேட்டார்: வயசான ஆள், வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன், பின்னால் கிளி. ஒரு படகுக்காரன் சிரித்துக்கொண்டே முதுகைத் திருப்பிக் காட்டினான். அவன் கழுத்தில் கிளி. அடுத்தவன் கழுத்தில் கிளி. சுண்டல் விற்கிறவன் கழுத்தில், சவரம் பண்ணுகிறவன் கழுத்தில், சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவன் கழுத்தில். சேட்டு அதற்கு முந்தின மாசம் எங்கள் சரக்கை விளம்பரத்துக்காகப் படித்துறை முழுவதும் சும்மா கொடுத்திருந்தார். அந்த யோசனையைக் கடிதம் எழுதிச் சொன்னவன் நான்தான். அன்றைக்கு வெறும் உடம்போடு, துண்டோடு, கறுத்த முதுகோடு அவர் நின்றிருந்தால் அந்தக் கூட்டத்தில் அவரைத் தனியாகப் பிடித்து எடுத்திருக்கலாம். காசியில் எல்லாரும் போட்டிருந்த பனியனையே மாட்டி அவரைக் காசிக்குள் கரைத்துவிட்டது நான். படித்துறை படித்துறையாக ஓடினேன். முன்னால் போகிற ஒவ்வொருவருடைய தோளையும் பிடித்துத் திருப்பினேன். திரும்புகிற ஒவ்வொரு முகமும் வேறு முகம். இன்றைக்கும் எனக்குக் கனவு என்றால் அது ஒன்றுதான், முதுகுகள்.

படகு விட்டுத் தேடினார்கள், போலீசில் சொன்னோம், ஆஸ்பத்திரியில் பார்த்தோம், மடங்களில் கேட்டோம். ஆற்றில் போனதற்கும் அடையாளம் இல்லை, கரையில் போனதற்கும் அடையாளம் இல்லை. தந்தி அடித்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். நம் வீட்டு வாசலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நீ, அம்மைத் தழும்போடு. அழவில்லை. "எங்கய்யன் எங்கீங்க?" என்றாள். ரயிலில் வரும்போதெல்லாம் இதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். "அந்த ஊருச் சந்து பூராவும் நூல் சிக்காட்ட இருக்குது. குளிச்சுப்போட்டு வரையில மாமன் வழி தப்பிட்டாரு. பாசை தெரியாத எடம். நாந்தான் தனியா உட்டுட்டேன்" என்றேன். அவள் கேட்டாள், "தமிளாளுக இருக்கற எடத்துல தங்கியிருந்தா?" "கூட்டியாந்து உட்டிருப்பாங்க" என்றேன். "பனியனுக்காவ அங்க தங்குனீங்களா?" "ஆமா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து உன் அம்மா என்னை மன்னிக்கவில்லை. சோறு போட்டாள், சண்டை போட்டாள், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தாள், என் வேடிக்கைக்குச் சிரித்தாள், மன்னிக்க மட்டும் இல்லை. எனக்கும் அது ஒரு பழக்கமான இருக்கையாகிவிட்டது. அதில் உட்கார்ந்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

இதற்கு நடுவில் அப்புச்சி நம் வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்பது உனக்கும் தெரியும். நீ சின்னவனாக இருந்தபோது சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒரு பலகை அதிகமாகக் கிடக்கும். யார் போட்டது என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அவினாசித் தேரில் அம்மா சாமியைப் பார்க்க மாட்டாள், வடம் பிடிக்கிற கிழவர்களைப் பார்ப்பாள். தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்து அலமாரியில் வைப்பாள், அடுத்த தீபாவளிக்கு அதை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பாள். ஆடி அமாவாசைக்கு ஊரே பெரியவர்களுக்குத் தண்ணீர் விடும்போது, உன் மாமன்கள், "அய்யனுக்கும் சேத்து உட்டுறலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "உசுரோட இருக்கறவியளுக்கு எள்ளு எறைப்பீங்களா?" என்று ஒரு கேள்வியில் அவர்களைத் துரத்திவிடுவாள். கடுக்கனை உன் மகள் காதுக்கு அழித்துச் செய்யலாம் என்று நான் சொன்னபோது என்ன நடந்தது என்பதை எழுதினால் தபால்காரன் பயந்துவிடுவான். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? நிட்டிங் மிஷின் ஹாலில் வரிசையாகக் குனிந்து நிற்கிற ஆட்களின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு நாள் மத்தியானம், ஒரு வயசான ஆளின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். முதலிபாளையத்திலிருந்து புதுசாக வேலைக்கு வந்தவர். "என்னுங்க மொதலாளி?" என்றார். "லேபிள் வெளிய தெரியுது" என்று உள்ளே தள்ளிவிட்டு வந்தேன். அவர் போட்டிருந்தது கை வைத்த சட்டை. லேபிளே இல்லை.

இப்போது அந்தச் சந்து வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் புரிந்திருக்கும். உன் அம்மா அந்த மாடி ஜன்னலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கீழே முதுகுகள் போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று உன் லீவெல்லாம் தீரும். அப்புறம் நீ பம்பாய்க்கும் அவள் அந்த ஜன்னலுக்குமாகப் பிரிவீர்கள். அதனால் அனுமான் படித்துறை. இதுவரை எழுதிவிட்டு, கடிதத்தை மடித்து, ஸ்டாம்பு ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுத்து வைத்துவிட்டேன்.

ஒட்டவில்லை. ஏனென்றால், அவள் பம்பாய்க்குக் கிளம்பின அன்று திருப்பூர் ஸ்டேஷனில் நடந்தது ஞாபகம் வந்துவிட்டது. வண்டி வர நேரமிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் வழக்கம்போல, "ஊட்டுக்காரனை இங்கயே உட்டுப்போட்டுப் போற, காசீல வேற எதையாச்சும் உட்டுறாத" என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சைத் திறந்து காட்டினாள். கடுக்கன் இரண்டும் அதில் இருந்தன. "இதைய எதுக்குத் தூக்கீட்டுப் போற?" என்றேன். "எங்கய்யன் கெடைச்சாக் காதுல போட்டுருவனுங்க. கெடைக்காட்டி ஆத்துல போட்டுப்போட்டு, எள்ளெறைச்சுப்போட்டு வந்தர்றேன்." "அப்ப வந்துருவியா?" என்று கேட்டேன். "அது அங்க போயித்தானுங்க தெரியும்" என்றாள். பிறகு கடுக்கனைத் திரும்ப முடிந்துகொண்டே சொன்னாள், "நான் அந்த ஊட்ல தங்கோணும். அங்கிருந்து ஆத்துக்கு ஒருக்கா நடக்கோணும். எந்த முக்குல எங்கய்யன் தப்பாத் திரும்புனாருன்னு என்ற கண்ணுல பாத்துட்டா எனக்குப் போதுமுங்க. அந்த முக்குல நின்னு உங்களையும் உட்டுர்றேன்." "என்னைய எதுக்கு உடற? நான் பாகக்காயா?" என்றேன். "உங்க மேல இருக்கற கோவத்தையுங்க" என்றாள். வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, "மோர்ல உப்புப் போட்டு வெச்சிருக்கறேன், மறுக்காவும் போட்டுறாதீங்க" என்றாள்.

அவள் அங்கே போக வேண்டாம் என்று நான் உனக்கு இத்தனை பக்கம் எழுதினேனே, அது அவளுக்காக எழுதியதா, என் இருக்கைக்காக எழுதியதா என்று நீயே சொல். எனக்கு இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்தது. பதிலையும் மாற்றிக்கொண்டேன். வயசாகிவிட்டால் இப்படித்தான், காலையில் ஒரு ஆள், மத்தியானம் ஒரு ஆள். அவளை அந்த வீட்டிலேயே தங்க வை. சேட்டு இல்லை, அவர் மகன் இருக்கிறார். திருப்பூர் என்று சொன்னால் போதும், மாடி அறையைத் திறந்துவிடுவார். அவருக்கும் 'நாளைக்கு' தெரியும். மருமகளும் குழந்தையும் வந்தால் அவர்களை அனுமான் படித்துறைப் பக்கம் வை. ராத்திரிக்கு எல்லாருக்கும் அங்கே சோறு கிடைக்கும். அம்மா நடக்க வேண்டும் என்று சொல்கிற காலையில் நீயும் கூடவே நட. முன்னால் போகாதே, பின்னாலும் போகாதே. அவள் பேசினால் பேசு. பேசாவிட்டால் அவள் கையிலிருக்கிற செம்பை நீ வாங்கி வைத்துக்கொள். நடந்து முடித்தபின் அவள் என் மேல் கோபமாக இல்லாமல் வேறு யார் மேலாவது கோபமாக இருந்தால், அந்தக் கோபத்தோடு அவளைத் தனியாக விட்டுவிடாதே. அப்போது அவள் கையைப் பிடித்துக்கொள். வெட்கப்படாதே, அந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அவளிடம் சொல், வீட்டில் ஒருத்தன் மோரில் இரண்டு தடவை உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று.

வீட்டுக்கு வழி கேட்டிருந்தாய். தசாசுவமேதப் படித்துறையிலிருந்து ஆற்றோரமாகவே வடக்கே போ. சந்துகளுக்குள் நுழையாதே. சிவப்புக் கல் மாளிகைக்கும் ஒரு சின்ன அனுமார் கோயிலுக்கும் நடுவில் குறுகலான படிகள் இருக்கும். அப்புச்சி குளிக்கப் போனது அங்கேதான். மேல்படியில் ஏறி நின்று நேரே பார்த்தால், சந்தின் கோடியில் பச்சை ஜன்னல் வைத்த மாடி தெரியும். அதுதான் வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரம். நேர்ச் சந்து, கண்ணு. நடுவில் ஒரு முக்குகூடக் கிடையாது.